ஸகௌரவமும் தெய்வநாமமும்

கேரளத்தில் புது அமைச்சரவை பதவியேற்கும்போதெல்லாம் மறுநாள் பேப்பரில் ஒரு கணக்கு வரும். எத்தனை பேர் 'தெய்வநாமத்தில்' சத்தியம் செய்தார்கள், எத்தனை பேர் 'ஸகௌரவம்' உறுதி எடுத்தார்கள் என்று. ஸகௌரவம் என்றால் கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிடாமல், உளமார உறுதி மட்டும் சொல்வது. அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. 2006-ல் மார்க்சிஸ்ட் எம்.எல்.ஏ.க்கள் இரண்டு பேர் கடவுள் பெயரைச் சொல்லிவிட்டுக் கட்சியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் அரை மணிநேரம் உத்தரவாதம். "சாமிக்குப் பயப்படாதவனை எதை வைத்து நம்புவது?" என்று ஒருத்தர். "தெய்வநாமத்தில் சொன்னவர்கள் எல்லாம் அரிச்சந்திரனா?" என்று இன்னொருத்தர். டீ ஆறிவிடும்.

நானும் பல வருஷம் இதை டீக்கடை வாதமாகத்தான் கேட்டு வந்தேன். இப்போது என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ப்ளஸ் டூ படிக்கும் பையன் போன வருஷத்திலிருந்து கோவிலுக்கு வருவதில்லை. சண்டை, ஆர்ப்பாட்டம் ஒன்றும் கிடையாது. "நீங்க போயிட்டு வாங்கப்பா, எனக்கு நம்பிக்கை இல்லை" என்றான், அவ்வளவுதான். இங்கே திருவனந்தபுரத்தில் சொன்னது ஈரோட்டுக்கு எப்படிப் போனதோ, மறுநாள் அம்மா போனில். "ஏங்கண்ணு, சாமி இல்லீங்கற புள்ளைக்கு அப்புறம் பயம்னு ஒண்ணு வேண்டாமா? நாளைக்கு எதுக்கு வேணாலும் துணிஞ்சிருவானே!"

நான் சாமி கும்பிடுகிறவன். சம்பளம் வந்தால் பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் இருந்ததில்லை. இருந்தாலும் அம்மாவின் கேள்வியை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. காரணம், நான் பார்க்கிற வேலை.

வங்கியில் சேரும்போது விசுவாசத்துக்கும் ரகசியக் காப்புக்கும் ஒரு உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் கடவுள் இல்லை. பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். ஒருத்தர் மட்டும் போய்த் திறக்க முடியாது. இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, சாவியைக் கொடுக்கும்போது "நீ பக்தனா?" என்று ஒரு மேலதிகாரியும் கேட்டதில்லை. பக்தனாக இருந்தாலும் இரண்டாவது சாவி இன்னொருத்தரிடம்தான்.

முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில் (எந்த ஊர், எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை) நகைக்கடன் பையில் கை வைத்து மாட்டிக்கொண்டவர் என் பக்கத்து மேசை. காலையில் விளக்கேற்றி, சந்தனம் வைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுவார். பக்தியெல்லாம் வேஷம் என்று பிற்பாடு எல்லாரும் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையான பக்திதான். இரண்டு மாதத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தாராம். சாமியிடமும் அதையேதான் சொல்லியிருப்பார். அதுதான் விஷயமே. சாமியிடம் தவணை கேட்கலாம், ஆடிட்டரிடம் கேட்க முடியாது.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமா? சபரிமலை. துவாரபாலகர் சிலைகளின் தங்கம் போர்த்திய தகடுகளை 2019-ல் புதிதாகப் பூச்சுப் போடக் கழற்றினார்கள். அப்போது எழுதிய மகஜரில் அவை வெறும் 'செப்புத் தகடு'. சென்னைக்குப் போய் வந்த தகடுகளின் எடையில் சுமார் நாலரைக் கிலோ குறைவு. 2025-ல் கேரள உயர் நீதிமன்றம் இதைக் கையில் எடுத்து, சிறப்புப் புலனாய்வுக் குழு போட்டு, கைதுகள் எல்லாம் நடந்தன. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும், அதில் நான் தலையிடவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. கடவுளிடமும் கோவில் வழிபாட்டிலும் நம்பிக்கை உண்டு என்று உறுதி சொல்கிறவர்தான் தேவசம் போர்டில் உறுப்பினராக முடியும். அதாவது, அம்மா கேட்கிற அந்தப் 'பயம்' சட்டப்படியே கட்டாயமான இடம். அங்கே ஐயப்பன் வாசலில் தங்கம் செம்பாகிவிட்டது. தங்கம் என்று ஒழுங்காக ஒரு வரி எழுதி, நகைக்கடன் மாதிரி இரண்டு பேர் எடை போட்டுக் கையெழுத்து வைத்திருந்தால்? என் புத்தி இப்படித்தான் போகும், பி.காம். படித்தவன் வேறு எப்படி யோசிப்பான்!

உடனே "பார்த்தீர்களா" என்று பகுத்தறிவுக் கூட்டம் சட்டைக் காலரைத் தூக்கிவிட வேண்டாம். திருச்சூர் மாவட்டத்துக் கருவன்னூர் கூட்டுறவு வங்கியை நடத்தியது மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள் இருந்த நிர்வாகக் குழு. 2021-ல் மோசடி வெளியே வந்தபோது, பிள்ளை கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் போட்டு வைத்த பணத்தை எடுக்க முடியாமல் ஜனங்கள் வாசலில் நின்றார்கள். கடன் பத்திரத்தில் போலி விவரம் எழுதுகிறவன் கடவுளை நம்புகிறானா, மார்க்ஸை நம்புகிறானா என்பதால் டெபாசிட்தாரருக்கு என்ன வித்தியாசம்?

இருந்தும் சந்தேகம் எப்போதும் ஒரு பக்கமாகத்தான் போகிறது. 2017-ல் இந்தியா உட்படப் 13 நாடுகளில் மூவாயிரம் பேருக்கு மேல் வைத்து ஒரு ஆய்வு வெளிவந்தது. கொடூரமான கொலைகாரன் ஒருவனைப் பற்றிச் சொல்லி, அவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று கேட்டால், நாத்திகனாகத்தான் இருப்பான் என்ற பக்கமே மனசு சாய்கிறதாம். வேடிக்கை என்னவென்றால், பதில் சொன்ன நாத்திகர்களுக்கும் அப்படியேதான் தோன்றியிருக்கிறது. எங்கம்மாவை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோசனம்.

2019-ல் வந்த இன்னொரு ஆய்வு எங்கள் துறைக்கு நெருக்கமானது. 40 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களை, வங்கி, ஹோட்டல், போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டர்களில் "தெருவில் கிடந்தது" என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். சிலதில் பணம், சிலதில் இல்லை. பணம் இருப்பதுதான் திரும்பாது என்று நாம் எல்லாரும் சொல்வோம். நடந்தது தலைகீழ். பணமில்லாத பர்ஸுக்கு 100-க்கு 40 பேர் உரியவரைத் தொடர்பு கொண்டார்கள், பணம் இருந்ததற்கு 51 பேர். தன்னைத் தானே திருடன் என்று நினைத்துக்கொள்ள மனுஷனுக்குப் பிடிப்பதில்லை என்பது ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. என் பக்கத்து மேசைக்காரரும் கடைசிவரை தன்னைத் திருடன் என்று நினைக்கவே இல்லை. 'கைமாற்று' என்றுதான் சொன்னார்.

நிற்க. காசு திருடாமல் இருப்பது ஒழுக்கத்தில் சின்னப் பங்குதான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது வைக்கத்தில்.

ஈரோட்டுக்காரன் கேரளத்துக்கு வந்துவிட்டு வைக்கம் பார்க்காமல் இருக்க முடியுமா? ஒரு லீவில் குடும்பத்தோடு போனோம். நானும் மனைவியும் வைக்கத்தப்பனைக் கும்பிட உள்ளே போக, பையன் கோவிலைச் சுற்றியிருக்கும் நாலு வீதியையும் நடந்துவிட்டு வந்தான். 1924 மார்ச் 30-ல் சத்தியாகிரகம் தொடங்கியது கோவிலுக்குள் போவதற்காகக்கூட இல்லை, இந்த வீதிகளில் நடப்பதற்காக. கிறிஸ்தவர் நடக்கலாம், முஸ்லிம் நடக்கலாம். உள்ளே இருக்கும் அதே சிவனைக் கும்பிடுகிற ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது.

தடுத்து நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். குடிகாரர்களோ, கொள்ளைக்காரர்களோ இல்லை. குளித்து, ஜபித்து, பட்டினி கிடந்து விரதம் இருந்தவர்கள். கோவில் சொத்தில் காலணா தொட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் கையில் பெட்டக அறையின் இரண்டு சாவியையும் சேர்த்தே கொடுக்கலாம்! 1925 மார்ச்சில் காந்தி, இண்டந்துருத்தி மனைக்கே போய் நம்பூதிரியிடம் பேசினார். அவரை வீட்டுக்குள் அழைக்கவில்லை, வெளியே உட்காரவைத்துத்தான் பேச்சு. அவர்கள் போன ஜென்மத்துக் கர்மத்தை அனுபவிக்கிறார்கள் என்பதுதான் அந்தப் பக்கத்து வாதத்தின் சாரம். நம்பிக்கை குறைவால் வந்த பதில் இல்லை இது. நம்பிக்கை முழுசாக இருந்ததால் வந்த பதில். (அந்த மனை இப்போது கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் ஆபீஸ். காலம் செய்கிற கேலிக்கு நிகர் இல்லை.)

எங்கள் ஊர்ப் பெரியார் அப்போது காங்கிரஸ்காரர். முழு நாத்திகப் பிரச்சாரமெல்லாம் பிறகு. ஏப்ரலில் வந்து, இரண்டு முறை சிறை போனார். இரண்டாவது தடவை கடுங்காவல், இதே திருவனந்தபுரத்துச் சிறையில். நாகம்மையும் வந்து போராடினார். எதிர்ப்பக்கம் சத்ரு சம்ஹார யாகம் நடத்தினார்களாம். அந்தச் சமயம் பார்த்து மகாராஜா இறந்துபோக, கைதிகளை விடுதலை செய்துவிட்டார்கள் என்று பெரியாரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பூஜப்புரை வழியாக ஆபீஸ் போகும்போது அந்தச் சிறை மதிலைப் பார்த்தால் எனக்கு இந்த யாகம் ஞாபகம் வந்து சிரிப்பு வரும்.

ஆனால் அதே போராட்டத்துக்குத் தன் மடத்தைத் தங்கக் கொடுத்து, ஆயிரம் ரூபாயும் கொடுத்தவர் ஸ்ரீநாராயண குரு. திருவனந்தபுரத்தை ஒட்டிய செம்பழந்தியில் பிறந்தவர், 1888-ல் அருவிப்புரத்தில் தன் கையால் சிவலிங்கம் நிறுவியவர். அவரைவிட ஆஸ்திகர் யார்? அவருக்குச் சீடர் சகோதரன் ஐயப்பன், பச்சை நாத்திகர். மனிதனுக்கு ஒரு ஜாதி, ஒரு மதம், ஒரு தெய்வம் என்று குரு சொன்னால், மூன்றுமே வேண்டாம் என்று சீடர் சொன்னார். 1917-ல் செறாயியில் புலையரோடு உட்கார்ந்து பந்தி போஜனம் நடத்தினார். சொந்த ஜாதிக்காரர்களே 'புலையன் ஐயப்பன்' என்று ஏசினார்கள், அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். குரு அவரை விலக்கவில்லை. மதமோ பாஷையோ வேறானாலும் மனிதர் எல்லாம் ஒரே ஜாதி என்பதால் சேர்ந்து உண்பதிலும் மணப்பதிலும் தவறில்லை என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். கடவுள் விஷயத்தில் இருவருக்கும் எட்டாத தூரம், பந்தியில் பக்கத்து இலை.

ஆக நம்பிக்கை வீதியின் இரண்டு பக்கமும் இருந்தது. 1936 நவம்பர் 12-ல் கோவில்களைத் திறந்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட சித்திரைத் திருநாளும் பத்மநாபதாசர்தான். எதிரே நிற்கிறவனை மனுஷக் கணக்கில் சேர்த்தார்களா இல்லையா என்பதில்தான் எல்லாம் பிரிந்திருக்கிறது. அந்தக் கணக்கைச் சாமி சொல்லித்தருவார் என்றும் இல்லை, சாமியை விட்டவுடன் தானாக வந்துவிடும் என்றும் இல்லை.

இதை என் பையனிடமே பார்த்தேன். ஆற்றுக்கால் பொங்காலைக்கு ஊரே அடுப்பாகிவிடும், தெரியுமில்லையா? ரயில்வே ஸ்டேஷன் வாசல், பஸ் ஸ்டாண்ட், எங்கள் பேங்க் படிக்கட்டு எல்லா இடத்திலும் மூன்று செங்கல் வைத்து லட்சக்கணக்கான பெண்கள். முதல் நாள் மாலை, மொட்டை வெயிலிலிருந்தே இடம் பிடித்து உட்கார்ந்திருந்த கூட்டத்தை மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "இதுங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றான். கோவிலுக்கு வராததற்கு ஒரு வார்த்தை சொல்லாத நான், அந்த 'இதுங்க'வுக்கு நன்றாக அதட்டிவிட்டேன். அந்தக் கூட்டத்தில் அவன் அம்மாவும் ஒருத்தி. மூணாவது வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா ஒருத்தி. வைக்கத்தில் அவ்வளவு நேரம் நடந்தவனுக்கு இது ஏன் தெரியவில்லை என்றுதான் எனக்குப் பதட்டம். விபூதி வைத்தவன் 'தூரப் போ' என்றான், இவன் 'இதுங்க' என்கிறான். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது.

இரண்டு நாள் பேசவில்லை. என்னோடுதான், அம்மாவோடு பேசினான்.

இந்த வருஷம் குடியிருப்போர் சங்கத்துப் பையன்கள் தண்ணீரும் சம்பாரமும் கொடுக்கக் கூப்பிட்டார்கள், போனான். கொள்கைக்காகவும் இல்லை, புண்ணியத்துக்காகவும் இல்லை, சிநேகிதர்கள் கூப்பிட்டதுக்காக. புகையில் கண் சிவந்து, தோள்பட்டை வலிக்கிறது என்று வந்து படுத்தான். கார்ப்பரேஷன்காரர்கள் ராத்திரியே செங்கல்லை எல்லாம் வாரிக்கொண்டு போனதையும், அதை வைத்து ஏழைகளுக்கு வீடு கட்டுவார்கள் என்பதையும் அவன்தான் எனக்குச் சொன்னான். மனைவி கொண்டுவந்த பொங்கலை இரண்டு தட்டு சாப்பிட்டான், அதில் கொள்கை ஒன்றும் குறுக்கே வரவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டு, "உம் பேரன் நாலு மணிநேரம் நின்னு பொம்பளைங்களுக்குத் தண்ணி குடுத்தான்" என்றேன்.

"அம்மன் கூப்பிட்டிருக்கா கண்ணு" என்றாள்.

இதைப் பையனிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வருஷம் போகமாட்டான் :-)