ஒரு வரி பயோடேட்டா

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். இரண்டு கோடை லீவுக்குக் கம்பத்தில் மோட்டார் வைண்டிங் கடையில் வேலை பார்த்தேன். கூட வேலை பார்த்த அண்ணன் ஒன்பதாவது பெயில். திராட்சைத் தோட்டத்து மோட்டார் எரிந்து வந்தால் திறந்து பார்த்துவிட்டு, "ஸ்டார் கனெக்‌ஷன் தம்பி. ரெண்டு பேஸ் காயில் கருகிருச்சு, ஒண்ணு புதுசாட்டம் இருக்கு. லைன்ல ஒரு பேஸ் போயிருக்கு. பியூஸைப் பாக்காமக் கட்டிக் கொடுத்தா மறுபடி எரியும்" என்பார். செமஸ்டரில் சிங்கிள் பேசிங் கேள்விக்கு நான் எழுதியது இதைத்தான்!

அந்தக் கடை மூடியாச்சு. போன மாதம் தேனிப் பட்டறை ஒன்றுக்கு ஆள் தேவை என்றார்கள். அண்ணனைக் கூட்டிப் போனேன். "ஐ.டி.ஐ. கூட இல்லையேப்பா" என்றார் ஓனர்.

எப்.ஏ. தேறாத ராமானுஜத்துக்குப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் சிபாரிசு எழுதிக் கொடுத்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் குமாஸ்தா வேலை கிடைத்தது. இங்கே சிபாரிசு செய்பவனுக்கே இன்னும் டிப்ளமோ முடியலை! அடுத்த வருஷம் நானே வேலை கேட்டு நிற்க வேண்டிய வாசல் வேறு.

உள்ளதைச் சொன்னேன்: "பில் எழுத வராது சார். காயில் சுத்து எண்ணிக்கை தப்பாது."

ஓனர் எரிந்த மோட்டார் ஒன்றைக் காட்டினார். அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வெளியே எனக்கு டீ இறங்கவில்லை.

சாயங்காலம் ஓனர் சொன்னார்: "திங்கக்கிழமை வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அண்ணனுக்கு பில் எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். 'ரீவைண்டிங்' என்று எழுதுவதற்குள் அவருக்கு வேர்த்துவிடுகிறது.