நோவுக்கு மொழி

மும்பையில் வயிற்றுப் பிழைப்புக்கான இந்தி நமக்கு விரைவில் வந்துவிடுகிறது. வயிற்று வலியைச் சொல்வதற்கான இந்திதான் வருவதில்லை. குத்தல், கடுப்பு, குடைச்சல், இசிவு என்று நம் அன்னையர் நோவை இனம் பிரித்துச் சொல்வர். உடன் செல்லும் பள்ளிச் சிறுவனோ அத்தனையையும் 'தர்த்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுவான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவே.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. எங்கள் அத்தையாருக்கு மாதவிலக்கு நின்று பல்லாண்டு கழித்து உதிரப்போக்குக் கண்டது. கருப்பைப் புற்றின் அறிகுறியாகவும் இருக்கக்கூடியது அது. மருத்துவர் வினவியதைத் தமிழாக்க நாணிப் பேரன் விழித்தான். அத்தையாரோ, "ஒண்ணுமில்லே ராசா, தலை சுத்துதுன்னு மட்டும் சொல்லு" என்றார். சத்து மாத்திரையோடு திரும்பினர். ஐந்து திங்களுக்குப் பின், மாடி வீட்டு அம்மையார் துணை சென்றபோதுதான் உண்மை மருத்துவர் செவிக்கு எட்டியது. கருப்பையை அகற்ற வேண்டியதாயிற்று.

தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்து 2018-இல் வெளிவந்த நோயாளர் உரிமைச் சாசனம், நோயாளி அறிந்த மொழியில் விளக்கம் பெறுவதை உரிமை என்கிறது. நன்று. ஆனால் புறநோயாளர் வரிசையில் அவ்வுரிமையைக் கேட்பதற்கும் இந்தி வேண்டுமே!

இப்போதெல்லாம் எங்கள் குடியிருப்பில் பெண்டிருக்குப் பெண்டிரே துணை செல்கின்றனர். பேரன்மார் வெளியே மருந்துச் சீட்டு வரிசையில் நிற்கின்றனர்.