இரட்டைக் கடிவாளம்

பல்லைப் பிடித்துப் பாராமல் குதிரை வாங்குவோர் இல்லை. அதே வாய்க்குள் போகிற இரும்பை மட்டும் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள்!

நம்மிடம் முன்பு படித்த பையன் ஒருவன் எர்ணாவூரில் பெண் குதிரை ஒன்றை வைத்துக்கொண்டு கலியாண ஊர்வலங்களுக்கு விடுகிறான். அவனுடைய தாத்தா இராயபுரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ஸ்டேஷன் அது. கட்டிடம் நிற்கிறது, ஜட்காக்கள்தாம் மறைந்துவிட்டன. பேரனோ, ஒலிம்பிக் பந்தயங்களில் காண்பது போன்ற இரட்டைக் கடிவாளந்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தான். "அளவு பார்க்க நீங்களும் வாங்க சார்" என்று அழைத்ததால் பெரியமேட்டுக்குப் போய், கான்பூர்ச் சரக்கு ஒன்றைத் தெரிந்தெடுத்து வந்தோம்.

இதில் இரும்பு இரண்டு, லகானும் இரண்டு ஜோடி. நடுவில் மூட்டுள்ள மெல்லிய கடிவாளம் ஒன்று. அது மேலே, உதட்டோரத்தில் ஒரு சிறு சுருக்கம் விழும்படி அமையவேண்டும். அதற்குக் கீழே, மூட்டில்லாத மற்றொன்று. அதன் இரு பக்கமும் நெம்புகோல்கள் தொங்கும்; மேல் முனைகளிலிருந்து ஒரு சங்கிலி தாடையின் கீழ்ப் பள்ளத்தில் படியும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத வெற்றிடம் ஒன்றைக் குதிரைக்கு இயற்கை கொடுத்திருக்கிறது. இரண்டு இரும்பும் தங்குவது அங்கேதான். அங்கே எலும்பின்மேல் மெல்லிய தோலைத் தவிர வேறில்லை.

சங்கிலியை முறுக்கில்லாமல் தட்டையாக மாட்டவேண்டும். லகானை இழுக்கையில் நெம்புகோல் ஏறக்குறைய 45 பாகை சாய்ந்த பிறகே அது தாடையை அழுத்தவேண்டும். வகுப்பில் நெம்புகோல் நடத்துகிற நமக்கு இந்த இடம் மிகவும் பிடித்துப்போயிற்று. கீழ்க்கை மேல்க்கையைப்போல் இரு மடங்கு நீளமானால், லகானில் ஒரு பங்கு இழுப்பு சங்கிலியில் இரண்டு பங்காகிறது. வாய் எலும்பின்மேல் மூன்று பங்காக விழுகிறது. சர்வதேசப் போட்டிகளில் கீழ்க்கை 10 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாதென்று விதித்திருப்பது சும்மா அல்ல.

நாம் இந்தக் கணக்கில் லயித்திருக்க, பெரியவர் குதிரையின் வாயோரமாகக் கட்டைவிரலை நுழைத்துத் தடவிக்கொண்டிருந்தார். சட்டென்று கையை எடுத்தார்.

"வாத்தியாரே, இங்கே பழைய புண்ணு ஒண்ணு ஆறியிருக்கு. ஏண்டா, எதுக்குடா உனக்கு இந்த ரெண்டாவது இரும்பு?"

பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அழகுக்காக அல்லவாம். பட்டாசுச் சத்தத்தில் குதிரை மிரள்கிறது. பிடித்து நிறுத்த ஒரு பிரேக் வேண்டும்!

நமக்குக் குலை நடுங்கிற்று. மாப்பிள்ளை மேலே, குழந்தைகள் சுற்றிலும். பயந்த குதிரைக்கு வாயிலும் வலி உண்டானால் அது நிற்காது. பின்னங்கால்களில் எழுந்து நிற்கும், பின்புறமாகச் சாயவும் சாயும். நன்றாகப் பழகிய குதிரையிடம், நிதானமான கையால், விரலசைவில் பேசுவதற்கென்று உண்டான சாதனத்தையா இவன் பிரேக் என்கிறான்!

பெரியவர் மறுவார்த்தை பேசாமல் சங்கிலியை அவிழ்த்தார். கீழ் இரும்பைக் கழற்றினார். மெல்லியதை மட்டும் வெல்லம் தடவி மாட்டினார். குதிரை அதைச் சப்பிக்கொண்டு நின்றது.

தை மாதக் கலியாணம் ஒன்றுக்கு வாங்கியிருந்த முன்பணத்தைப் பையன் மறுநாளே வண்ணாரப்பேட்டைக்குப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டான். இப்போது விடியற்காலையில் தாத்தா தகர டப்பாவைத் தட்டிச் சத்தம் எழுப்ப, பேரன் கடற்கரையில் குதிரையை நடத்திப் பழக்குகிறான். கழற்றிய இரும்பு துணியில் சுற்றிப் பரணில் கிடக்கிறது.