ஓல்டு பொன்னி

எங்கள் தெரு முனை அரிசிக் கடையில் ஒவ்வொரு மூட்டையின் மேலும் ஓர் அட்டை செருகியிருக்கும். கறுப்பு மார்க்கரில் 'பொன்னி ஓல்டு', பக்கத்திலேயே 'பொன்னி நியூ'. ஓல்டு கிலோவுக்கு ஆறு ரூபாய் கூடுதல். போன வாரம் எனக்கு முன்னால் நின்ற பையன், ரூம் எடுத்துத் தங்கிச் சமைக்கிறவன் போலிருக்கிறது, "பழசுக்கு எதுக்குண்ணே அதிகம்? குறைச்சில்ல குடுக்கணும்?" என்று கேட்டான். கடைக்காரர் அரிசியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினார். லேசான மஞ்சள் ஓடிய அரிசி. "புதுசு குழைஞ்சிரும் தம்பி. பழசுதான் சோறு காணும்."

சோறு காணும். அந்தப் பேச்சைக் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று! அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்தாலும் அம்மா அதைத் தொடமாட்டாள். போன வருஷத்துப் பழைய நெல் தீரும்வரை அதுதான் உலைக்குப் போகும். புது நெல் பொங்கலன்று ஒருநாள் சாமிக்கு, அப்புறம் குதிருக்கு. புளியும் அப்படியே. கறுத்துப் பிசுபிசுத்த பழம்புளிக்குத்தான் அவளிடம் மரியாதை.

நான் பார்த்துக்கொண்டு நின்றது அரிசியை அல்ல, அட்டையில் இருந்த ஓல்டை. அந்தச் சொல்லோடு எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து வழக்கு நடக்கிறது.

1964. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடம். 'தி பேபி இஸ் டென் டேஸ் ஓல்டு' என்று கரும்பலகையில் எழுதித் தமிழில் சொல்லச் சொன்னார் இங்கிலீஷ் சார். எனக்குத் தெரிந்த ஓல்டு, ஓல்டு மேன் ஒருவன்தான். 'குழந்தை பத்து நாள் கிழம்' என்று எழுதி நீட்டினேன். சார் நோட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். முதுகு குலுங்கியது. திரும்பி வந்து, "ஏண்டா, பத்து நாள்லயே கிழமாயிட்டா பதினோராம் நாள் என்னடா பண்றது?" என்றார். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, "ஓல்டுன்னா வளர்ந்ததுன்னு வெச்சுக்கோ. பத்து நாள் வளர்ந்த குழந்தை. அவ்ளோதான்" என்றார். சமாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு ஆயாவுக்கு அந்தக் காலத்தில்தான் மாசம் இருபது ரூபாய் மணியார்டர் வர ஆரம்பித்தது. முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கிய திட்டம். ஊரில் யாரும் அதை அந்தப் பெயரில் சொல்லவில்லை, இன்றும் சொல்வதில்லை. ஓ.ஏ.பி. பணம். மாசம் பிறந்ததும் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வாள் ஆயா. தபால்காரர் சைக்கிள் தெரிந்ததும், "ஓயேபி வந்துருச்சாய்யா?" யாரோ ஓயேபி என்கிற புண்ணியவான் பட்டணத்திலிருந்து அனுப்புகிறான் என்றே அவள் நம்பியிருந்தாள். ஒருநாள் நான் படித்த திமிரில், ஓ என்றால் ஓல்டு, ஓல்டு என்றால் கிழம் என்று விளக்கினேன். "யாரைடா கிழம்ங்கிற?" என்று விசிறிக்காம்பை ஓங்கினாள்.

இந்த ஓ இப்படித்தான், ஒளிந்துகொள்ளும். சென்னையில் ஓ.எம்.ஆர். என்று சொல்லாத வாயில்லை. 2000இல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. அதன்பின் கண்ணாடிக் கட்டடங்கள் அந்தச் சாலை நெடுக முளைத்தன. நகரத்திலேயே ஆகப் புதுசான பகுதிக்குப் பெயர் பழைய மகாபலிபுரம் சாலை! ராஜீவ் காந்தி சாலை என்று அரசு வைத்த பெயர் பலகையோடு நின்றுவிட்டது. இதற்கு நேர் எதிர் இங்கிலாந்தில். ஆக்ஸ்போர்டில் நியூ காலேஜ் என்று ஒன்று இருக்கிறது. தொடங்கிய வருஷம் 1379. நம் ராயப்பேட்டைப் புதுக் கல்லூரி 1951தான், அதன் பக்கத்தில் கைக்குழந்தை.

அந்தச் சொல்லால் நான் பட்ட பெரிய அடி, மொழிபெயர்ப்பில் கூலிக்கு எழுதிக்கொண்டிருந்த நாட்களில். ஒரு பத்திரிகைக்கு ஆங்கிலப் பேட்டி ஒன்றைத் தமிழில் தந்தேன். 'மை ஓல்டு ஃப்ரெண்டு' என்று இருந்ததை 'என் வயதான நண்பர்' ஆக்கிவிட்டேன். அந்த நண்பருக்கு வயது 32. கட்டுரை வந்த அன்றே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். கோபமாக அல்ல, பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். அந்தக் கவலை! 'நெடுநாள் நண்பர்' என்று எழுதத் தெரியாதா என்று ஆசிரியர் கேட்டார். தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை. திருக்குறளில் நீண்டநாள் நட்பின் உரிமையைப் பேசுகிற 81ஆம் அதிகாரத்துக்குப் பெயரே 'பழைமை' என்பதையும் பிறகுதான் கவனித்தேன். பழகுவதும் பழையதும் ஒரே வேரில் கிளைத்தவை.

இங்கிலீஷ்காரன் கஞ்சன் என்று அப்போது ஒரு நண்பரிடம் சண்டை போட்டேன். செருப்புக்கும் ஓல்டு, சிநேகிதனுக்கும் ஓல்டு, பெற்ற அப்பனும் ஓல்டு மேன், கட்டிய புருஷனும் ஓல்டு மேன், கப்பல் கேப்டனும் மாலுமிகளுக்கு ஓல்டு மேன், போதாததற்குச் சாத்தான் ஓல்டு நிக். நாம் அப்படியா? ஆளுக்கு முதிய, பொருளுக்குப் பழைய, பதவிக்கு முன்னாள், மொழிக்குத் தொல். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வயசுப் பொண்ணுன்னா யாரு?" என்றார். இளம்பெண் என்றேன். "வயசான பொண்ணுன்னா?" வாயை மூடிக்கொண்டேன். வயஸ் என்கிற வடசொல்லுக்கே ஆதியில் உயிர்த்தெம்பு, இளமை என்றெல்லாம் பொருள் உண்டு.

அந்த வாக்குவாதம்தான் என்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்பியது. சொற்பிறப்பு அகராதி ஒன்றைப் பிரித்து ஓல்டைத் தேடினேன். வேர்ச்சொல் 'அல்'. பொருள்: வளர்தல், ஊட்டி வளர்த்தல். ஓல்டு என்றால் வளர்ந்தது. இருபது வருஷம் கழித்து, மின்விசிறிச் சத்தத்தின் கீழ், இங்கிலீஷ் சாரின் முதுகு கண்முன் குலுங்கியது. அகராதி பார்த்துச் சொன்னாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா? கேட்க அவர் இல்லை. அதே வேரிலிருந்து லத்தீன் வழியாக வந்ததுதான் அலும்னி, ஊட்டி வளர்க்கப்பட்டவர்கள். ஓல்டு பாய்ஸ் என்றாலும் அலும்னி என்றாலும் வேர் ஒன்றே. நாம் முன்னாள் மாணவர் என்கிறோம். பதவி போன எம்.எல்.ஏ. மாதிரி ஒலிக்கிறது. யாழ்ப்பாணத்தில் பழைய மாணவர் சங்கம் என்பார்கள். என் ஓட்டு அதற்கே. வேர்ல்டு என்கிற சொல்லுக்குள்ளும் ஒரு ஓல்டு ஒளிந்திருக்கிறதாம்: மனிதனின் வயது, அதுதான் உலகம்.

சார் சொன்னது சரியென்றால் நான் எழுதிய 'கிழம்' மட்டும் தப்பா? அந்த வறட்டு வீம்பில் நம் அகராதியையும் புரட்டினேன். தொல்காப்பியத்தில் கிழவன் என்றால் தலைவன், உரியவன், கிழத்தி தலைவி. கிழமை என்றால் உரிமை. பல் போனதற்கும் தடி ஊன்றியதற்கும் சம்பந்தமே இல்லை. கோவூர் கிழாரும் நிலக்கிழாரும் அந்த வழி. உடையவனைச் சொன்ன சொல் ஊன்றுகோல்காரனுக்கு வந்து சேர்ந்தது. தொல்லை என்ற சொல்லோ பழமையைக் குறித்த காலம் போய் இப்போது தொந்தரவைக் குறிக்கிறது. இரண்டு சொற்களும் நம்மிடம் பட்ட பாட்டைப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயா விசிறிக்காம்பை ஓங்கிய அன்று இது தெரிந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

பழசுக்கு மவுசு அரிசிக் கடையோடு நிற்கவில்லை. 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் புது ஓய்வூதியத் திட்டம் வந்தது. எங்கள் மாடியில் குடியிருக்கும் ஆசிரியர் அதில் மாட்டியவர். 'பழைய ஓய்வூதியம் வேண்டும்' என்று எழுதிய தட்டியை மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறார். ஆர்ப்பாட்டம் என்றால் தூசி தட்டி எடுத்துப் போவார்.

"பெருசு, உங்களுக்கு எது?" கடைக்காரர் குரல் கேட்டது. இதற்கு முன் என்னை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எப்போது மாறியது என்று கவனிக்கவில்லை. பையன் இன்னும் முடிவுக்கு வராமல் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓல்டு, பத்து கிலோ" என்றேன். அவனிடம், "பழசே வாங்கு. தண்ணி மட்டும் ஒரு டம்ளர் கூட வை" என்றேன். அவன் ஐந்து கிலோ நியூ வாங்கிக்கொண்டு போனான்.