முப்பத்தொன்பது நாள் எடுப்பு

ஒரு ராத்திரிக்கு எவ்வளவு என்று அம்மா போனில் கேட்டபோது, "ரெண்டாயிரம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "தங்குறதுக்கு மட்டுமா, சோத்தோட சேத்தா?" என்றாள்.

"காலைச் சாப்பாடு உண்டு."

"அப்பச் சரி."

உண்மையில் அந்த அறையின் ஒரு நாள் வாடகை 17,500 ரூபாய். மூன்று இரவுகளுக்கு 52,500. சென்னையில் நான் இருக்கும் வீட்டின் மூன்று மாத வாடகையைவிட அதிகம். இரண்டு வாரங்களாக லேப்டாப்பில் இருபது ஜன்னல்களைத் திறந்துவைத்து, அந்தமானில் ஹேவ்லாக் தீவின் ஓட்டல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். 2018 டிசம்பரில் அந்தத் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் ஓட்டல்காரர்கள், படகுக்காரர்கள், போய்வந்தவர்கள் எல்லாருக்கும் அது இன்னும் ஹேவ்லாக்தான்.

எல்லா ஓட்டல்களும் ஒரே சொல்லைத்தான் விற்கின்றன: அமைதி. தனிமையான அமைதி, இயற்கையின் அமைதி, குடும்பத்துக்கான அமைதி. அந்தச் சொல்லை நம்புவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்தேன். அதற்கு ஊரும் ஒரு காரணம். கம்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வியாபாரம் தெரியும். மேற்கே குமுளி, தேக்கடி. கிழக்கே மேகமலை. பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் இருக்கும் எங்கள் மலைகளை அமைதி என்று பெயரிட்டு ஊர்க்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருக்கிறார்கள். வழியில் நிறுத்தி திராட்சைப் பந்தலுக்கடியில் போட்டோ எடுத்துக்கொண்டு அவர்கள் மேலே போவார்கள். அதே மலைக்கு விடிகாலையில் வேறு சிலரும் போவார்கள்.

அவர்களில் ஒருத்தி என் அம்மா.

*

எங்கள் பக்கம் மலைக்கு வேலைக்குப் போவதை "ஒசக்கப் போறது" என்பார்கள். கம்பம், கூடலூர், தேவாரம், போடி என்று பள்ளத்தாக்கு முழுக்க விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பும். பதினைந்து, இருபது பெண்கள் ஒரு ஜீப்பில். மெட்டு ஏறி, கேரள எல்லை தாண்டி, இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் இறங்குவார்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்புவார்கள்.

அம்மா இருபத்தொன்பது வருஷம் போனாள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரம் மண்ணோடு படர்ந்து கிடக்கும். அதனால் காய் எடுப்பவள் குனிய வேண்டும், அல்லது குத்தவைத்து உட்கார வேண்டும். பழுத்ததை மட்டும் கிள்ள வேண்டும், பிஞ்சில் கை படக்கூடாது. ஆடி, ஆவணியில் தொடங்கும் எடுப்பு தை வரைக்கும் போகும். அந்த மாதங்களில் பாதி நாள் மழை. காலில் அட்டை. இடுப்புச் சுருக்கில் சுண்ணாம்பு டப்பா இல்லாமல் அம்மா மலையேறியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் முழங்கால் விட்டுப்போனது. டாக்டர் உட்காரவே கூடாது என்றார். "நிக்கவும் முடியல, உக்காரவும் கூடாதுன்னா பறக்கவா செய்யிறது?" என்று கேட்டுவிட்டு வேலையை நிறுத்தினாள். கடைசியாக அவள் வாங்கிய நாள் சம்பளம் 450 ரூபாய்.

நான் அவளைக் கடலுக்குக் கூட்டிப்போக நினைத்தது அப்போதுதான். "தீவுக்குப் போவோம்மா" என்றேன்.

"தீவு பாத்தவதான்டி நானு. ராமேஸ்வரம் என்னவாம்?"

சரிதான். பாம்பன் பாலம் தாண்டினால் அது தீவு. எங்களில் யாரும் அதைத் தீவாக நினைப்பதில்லை. அப்பா இறந்த வருஷம் தை அமாவாசைக்குப் போனோம். அக்னி தீர்த்தத்தில் முங்கி, இருபத்திரண்டு தீர்த்தத்திலும் ஈரச்சேலையோடு நடுங்கிக்கொண்டே நின்று, ராத்திரி பஸ்ஸில் திரும்பினோம். அம்மா கடலைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பார்த்தாள் என்றும் சொல்ல முடியாது. அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் தம்பி திதியைச் சரியாகக் கொடுக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

கடலோர ஓட்டல் தேர்வு செய்வதில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: யார் தங்கப்போகிறார்கள் என்று தெரியாமல் எது நல்ல ஓட்டல் என்று சொல்ல முடியாது.

முதலில் வர்க்கலையை யோசித்தேன். ஊருக்குப் பக்கம். ஆனால் அங்கே கடற்கரை செங்குத்தான பாறைக்குக் கீழே. அம்மாவின் முழங்கால் படியிறங்காது. ஹேவ்லாக் தட்டையானது. படகில் ஏறி இறங்குவது மட்டும்தான் சிரமம்.

அடுத்து, தீவின் எந்தப் பக்கம். ஹேவ்லாக்கின் மேற்கே ராதாநகர் கடற்கரை. டைம் பத்திரிகை 2004இல் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது, 2020இல் நீலக்கொடிச் சான்றிதழும் கிடைத்தது. வெண்மணல், உயர்ந்த மரங்கள், சூரியன் கடலில் விழும். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அங்கே ஓட்டல்கள் மரங்களுக்குள் தள்ளி இருக்கின்றன. அறையிலிருந்து கடலுக்கு நடக்க வேண்டும்.

கிழக்குப் பக்கம் விஜய்நகர், கோவிந்தநகர். கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளக் குடும்பங்களை ஐம்பதுகளில் குடியேற்றிய ஊர்கள். அங்கே அறைவாசலிலேயே மணல் தொடங்கும். குறை என்னவென்றால் வற்று. தண்ணீர் வெகுதூரம் உள்ளே போய், பாறையும் செத்த பவளமும் வெளியே தெரியும். "கடலே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்" என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கோபமாக எழுதியிருந்தார்கள்.

நான் கிழக்கைத் தேர்ந்தெடுத்தேன். அம்மா நீந்தப்போவதில்லை. நாலு மணிக்கு எழுந்துவிடுவாள். இருபத்தொன்பது வருஷமாகச் சூரியன் உதிக்கும் நேரத்தில் அவள் ஜீப்பில் இருந்திருக்கிறாள். அவளுக்கு அஸ்தமனத்தைவிட உதயம்தான் பாக்கி.

மீதியெல்லாம் சின்னக் கணக்குகள். 'கடல் பார்த்த அறை' வேறு, 'கடலோர அறை' வேறு. முதலாவதில் பால்கனி மூலையில் நின்றால் தென்னை இடுக்கில் ஒரு நீலக்கோடு தெரியும். தீவின் கரண்டு பெரும்பாலும் டீசலில் ஓடுவது, அடிக்கடி போகும். அதனால் ஜெனரேட்டர் அறையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்க வேண்டும். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? கல்யாண பார்ட்டிக்கு இடம் கொடுப்பார்களா? சாதம், ரசம் கிடைக்குமா? நான்கு ஓட்டல்களுக்கு போன் செய்தேன். கம்பி கேட்டதும் ஒரு ஓட்டலில் சிரித்தார்கள். இன்னொன்றில், "எத்தனை வயசு? ஸ்டூலும் போட்டு வைக்கிறோம்" என்றார்கள். அதுதான் 17,500. அதைவிடக் குறைந்த இடங்கள் இருந்தன. அந்த ஸ்டூலுக்காக எடுத்தேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

*

2024 பிப்ரவரி. அம்மா தேனியில் ரயிலேறி சென்னை வந்தாள். 2010 முடிவோடு நின்றுபோன ரயில் அது. அகலப்பாதை போட்டு, 2022இல் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் மறுபடி வந்தது. சென்னையிலிருந்து விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். போர்ட் பிளேரிலிருந்து படகில் மேலும் ஒன்றரை மணி நேரம். அம்மா எதற்கும் பயப்படவில்லை. குமுளி ரோட்டு ஜீப்பில் தொங்கியவளுக்கு விமானம் ஒரு பொருட்டா?

ஓட்டலில் அறையைத் திறந்துவிட்ட பையன் போனதும், அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா?"

"ஒரு சத்தத்தையும் காணோமே."

"அதுக்குத்தான வந்தோம்."

"ஒசக்க இப்புடி இருந்துச்சுன்னா கூடையப் போட்டுட்டு ஓடுவோம்" என்றாள். தோட்டத்தில் பூச்சிச் சத்தம் திடீரென்று நின்றால் ஆனை பக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தமாம். எடுப்புக்காரிகள் அதனாலேயே பேசிக்கொண்டே, பாடிக்கொண்டே, ஒருத்தியை ஒருத்தி வைதுகொண்டே இருப்பார்களாம். நான் இரண்டு வாரம் தேடி, காசு கொடுத்து வாங்கியது அவளுக்கு ஆபத்தின் அறிகுறி.

அவள் மனதை மாற்ற, ராஜன் என்ற யானையைப் பற்றிச் சொன்னேன். மரம் இழுக்க அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்ட யானை. கடலில் நீந்தும். மரவேலை நின்றபின் இந்தத் தீவிலேயே இருந்து, வயதாகி, 2016இல் இறந்தது.

"வேலைய முடிச்சுப்புட்டுக் கடல்ல கெடந்துருக்கு" என்றாள். அன்று ராத்திரி ரசம் கேட்டு வாங்கி இரண்டு தடவை ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் நான் கண் விழித்தபோது அவள் வெளியே இருந்தாள். அந்தமான் வெகுதூரம் கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான். தேனியைவிட ஒரு மணி நேரம் முன்பே விடிந்துவிடுகிறது. ஐந்தரைக்கே வானம் வெளுத்திருந்தது. "இந்த ஊருதான் என்னைய மாதிரி" என்றாள். மணலில் நான்கு பேர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்கள். விளக்குமாறு மணலைத் தொடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. எங்களைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

"நாலு மணிலருந்து பாக்குறேன். வாயத் தொறக்கலடி ஒருத்தரும். பேசக்கூடாதுன்னு சொல்லிருப்பாக போல."

அதில் ஒரு பெண்ணுக்கு அம்மா வயதிருக்கும். வங்காளியோ என்னவோ, பாஷை தெரியாது. அம்மா தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பெண் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். நான் அந்த அமைதிக்கு ஓட்டலின் மதிப்பெண்ணில் ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். அது எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தபின் கொடுக்க முடியவில்லை.

*

பொய் அன்று மத்தியானம் வெளியே வந்தது. மாத்திரையைத் தேடி என் பையைத் திறந்தவள் முன்பதிவுத் தாளை எடுத்திருக்கிறாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். ஜீப்பில் வந்தவர்களின் ஆள்கணக்கை வருஷக்கணக்காக நோட்டில் எழுதியவள்.

"அம்பத்திரண்டாயிரத்து ஐநூறு. மூணு ராத்திரி" என்றாள்.

நான் பேசவில்லை.

"ஒரு ராத்திரிக்கு முப்பத்தொம்பது நாள் எடுப்பு."

மனக்கணக்குதான். நான் பிறகு போனில் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. சாயங்காலம் ராதாநகர் போக வண்டி சொல்லியிருந்தேன். வரவில்லை என்றாள். சாப்பிடவும் வரவில்லை. என்னிடம் கோபமாக இருந்திருந்தால் வைதிருப்பாள், வைவது அவளுக்குக் கைவந்தது. அவள் கட்டிலின் ஓரத்தில், ஒரு சுருக்கமும் விழாதபடி உட்கார்ந்திருந்தாள். தன் முப்பத்தொன்பது நாள் மேல் உட்கார்ந்திருப்பது போல. உனக்காகத்தானே செய்தேன் என்று சொல்ல வாய் வந்தது. அதுவும் முழு உண்மையில்லை. எங்கம்மாவை இப்படிப்பட்ட இடத்தில் தங்கவைத்தேன் என்பது எனக்குத் தேவையாக இருந்தது. அவளுடைய நாட்களுக்கு நானே ஒரு விலை போட்டு, ஒரே தடவையில் கடனை அடைக்கப் பார்த்திருக்கிறேன்.

"பொய் சொன்னது தப்புதாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

வெகுநேரம் கழித்து, "திருப்பிக் குடுப்பாகளா?" என்றாள்.

"மாட்டாங்க."

"அப்ப நாளைக்கு எங்கிட்டும் போகவேணாம். படகு, கிடகுன்னு எதையும் சொல்லாத. இங்கனயே உக்காருவோம். குடுத்ததுக்கு உக்காந்தாவது பாப்போம்."

கடைசி நாள் முழுக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பத்து மணிக்கு மேல் தண்ணீர் வற்றத் தொடங்கியது. கோபக்காரர்கள் எழுதியதுபோல் கடல் காணாமல் போனது. அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. பாறை இடுக்குகளில் நண்டு, சின்ன மீன், சிப்பி. குச்சியை ஊன்றி மெதுவாக நடந்துபோனாள். டாக்டர் கூடாதென்ற மாதிரியே ஒரு பாறையில் தாழ உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அவள் கைகள் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தன. இரண்டு கையும் சேர்ந்து, உடைந்ததை விட்டு முழுசை மட்டும் எடுத்து, முந்தானையில் போட்டு.

திரும்பி வரும்போது ஓட்டல் காவலர் தயங்கித் தயங்கிச் சொன்னார். சிப்பி, பவளம் எதையும் தீவிலிருந்து எடுத்துப்போகக் கூடாது, விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். அம்மா திரும்ப நடந்து, முந்தானையை உதறினாள்.

"பொறுக்குனதத் திருப்பிக் கொட்டுனது இன்னைக்குத்தான்" என்றாள். சிரிப்பு வந்தது அவளுக்கு.

*

கம்பம் திரும்பிய வாரம், பழைய ஜீப்புக்காரிகள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் போனில் இருந்தேன். ஓட்டல் எப்படி என்று அவர்கள் கேட்பது எனக்குக் கேட்டது. வாடகையை அம்மா சொல்லிவிடுவாளோ என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"அமைதியா இருக்கும்னு கூட்டிப்போனா. எங்கிட்டுக்கூடி அமைதி? ராத்திரி பூராம் கடலு தொணதொணன்னு பேசிக்கிட்டே கெடந்துச்சு" என்றாள். "அதுக்கப்புறந்தேன் தூக்கமே வந்துச்சு."