பந்தா, பட்டமா?

பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன். உயரம் ஆறே முக்கால் அடி. கலாசாலையில் முதல் வருஷப் படிப்பு முடிகிற சமயம். "படிப்பு கிடக்கட்டும்; கோடி கோடியாய்ச் சம்பளம் தருகிறோம், எங்களோடு கூடைப்பந்து ஆட வா" என்று அழைப்பு வருகிறது. அவன் போகலாமா? இருந்து பட்டம் வாங்க வேண்டுமா?

"இதென்ன கேள்வி? வீடு தேடி வருகிற லக்ஷ்மியை யாராவது விரட்டுவார்களா?" என்பீர்கள் சிலர். "படிப்பைப் பாதியில் விட்டவன் உருப்பட்டதுண்டா?" என்பீர்கள் வேறு சிலர். அமெரிக்காவில் வருஷந்தோறும் எத்தனையோ வீடுகளில் நடக்கிற வாதம் இது.

ஒரு காலத்தில் இந்த வாதத்துக்கே இடமில்லை. பள்ளியை முடித்து நான்கு வருஷம் ஆகாதவர்களை என்.பி.ஏ. என்ற தொழில்முறைச் சங்கம் சேர்ப்பதில்லை. அந்தக் கதவை உடைத்தவர் ஸ்பென்ஸர் ஹேவுட். மிஸிஸிப்பி மாகாணத்தில், பத்துக் குழந்தைகள் உள்ள வீட்டில் பிறந்தவர். தாயார் பருத்தி பறிக்கும் கூலிக்காரி. 1968 ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்றவர், அடுத்த வருஷமே கலாசாலையை விட்டார். என்.பி.ஏ. தடுத்தது. வழக்கு ஸுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1971-ல் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தாயார் வயலில் குனிந்து நிற்கும்போது, "பொறு, பட்டம் வாங்கு" என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது?

இன்னொரு பிள்ளையைப் பாருங்கள். கரீபியக் கடலில் உள்ள ஸெயின்ட் க்ராய் தீவைச் சேர்ந்த டிம் டங்கன். அவருடைய பதினான்காம் பிறந்த நாளுக்கு முதல் நாள் தாயார் புற்றுநோயால் காலமானார். பட்டம் பெறுவதாகத் தாயாருக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வேக் பாரஸ்ட் சர்வகலாசாலையில் நான்கு வருஷமும் இருந்து, மனோதத்துவத்தில் பட்டம் பெற்று, 1997-ல்தான் வெளியே வந்தார். அந்த வருஷம் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவரே. பிறகு ஐந்து முறை சாம்பியன்!

ஒருவர் தாயாருக்காகப் போனார்; ஒருவர் தாயாருக்காகவே நின்றார். இருவரும் செய்தது சரிதான்.

ஆனால் எல்லாரும் டங்கன் ஆக முடியாது. நான்காம் வருஷத்தில் முழங்கால் முறிந்தால் பட்டம் மட்டுமே மிஞ்சும். அவசரமும் ஆபத்துதான். 1998-ல் பள்ளியிலிருந்து நேரே வந்த கார்லியோன் யங் நாற்பதாவது ஆளாக எடுக்கப்பட்டார், என்.பி.ஏ.யில் மொத்தம் மூன்றே ஆட்டம் ஆடினார். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு இரண்டு வருஷச் சம்பளம் நிச்சயம். இரண்டாம் சுற்றில் விதிப்படி அந்த உறுதி கிடையாது. பையனின் காதில் "நீ போனால் ராஜாதான்" என்று ஓதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

2005-ல் செய்த ஏற்பாட்டின்படி, பத்தொன்பது வயதும், பள்ளியை விட்டு ஒரு வருஷமும் ஆகியிருக்க வேண்டும். 2021 முதல் கலாசாலை ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் கலாசாலைகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ஆகவே, நிற்பது என்றால் பட்டினி என்று இனி அர்த்தமில்லை.

என் அபிப்பிராயம் இதுதான். முதல் சுற்று என்பது நிச்சயமானால் தாராளமாகப் போகட்டும். "கிடைத்தாலும் கிடைக்கும்" என்றால் இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும். ஆட்டக்காரனுடைய கால்களுக்கு ஆயுள் கொஞ்சம். படிப்புக்கு அப்படி ஒரு கெடு கிடையாது.

நம்பிக்கை இல்லையா? 1992-ல் லூயிஸியானா சர்வகலாசாலையைப் பாதியில் விட்டவர் ஷகீல் ஓனீல். 2000-ம் வருஷம் ஜூன் மாதம் சாம்பியன். டிசம்பர் மாதம், இருபத்தெட்டாவது வயதில், ஏழடி உயரத்துக்கு அங்கி அணிந்து அதே சர்வகலாசாலையில் பட்டம் வாங்கினார். காரணம், அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு!