லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? ஒரு டிரைவர் மீது விழுந்த சந்தேகமும் எங்கள் கணக்கும்

வாடகைக் கார் ஓட்டும் தம்பிகள் பலர் தங்கள் ஓனரிடம் இந்தக் கேள்வியை வாங்கியிருப்பார்கள். "கம்பெனிக்காரன் லிட்டருக்கு இருபத்தொண்ணு குடுக்கும்ங்கிறான். உன் கையில பதிமூணுதான் குடுக்குது. மீதி பெட்ரோல் எங்க போச்சு?"

வீராம்பட்டினத்திலும் அரியாங்குப்பத்தைச் சுற்றியுள்ள காலனிகளிலும் வேலை செய்யும் எங்களிடம் இந்தக் கேள்வியோடு ஒரு தம்பி வந்தார். அவர் ஓட்டுவது 2016 மாடல் பெட்ரோல் கார். முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் ஜிப்மருக்கு அழைத்துப்போக நாங்களும் அதை வாடகைக்கு எடுப்பதுண்டு. இரண்டு மாதச் சம்பளத்தில் 4,500 ரூபாயை ஓனர் பிடித்துவிட்டார். திருட்டு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. பிடித்த பணமே அதைச் சொல்லிவிட்டது.

காலனிப் பையன் என்பதால்தானே இந்தச் சந்தேகம் என்று நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். "சாதியை ஏன் இழுக்கிறீர்கள், நான் கணக்கைத்தானே கேட்கிறேன்" என்று அவர் தப்பித்திருப்பார். ஆகவே அவருடைய கணக்கிலிருந்தே தொடங்க முடிவு செய்தோம்.

முதலில், அந்த 21 எங்கிருந்து வந்தது? கார் விளம்பரத்தில் வரும் மைலேஜ் ஆய்வுக்கூடத்தில் எடுத்த எண். உருளைகள் மேல் காரை நிறுத்தி, 1,180 விநாடி, அதாவது 20 நிமிடத்துக்கும் குறைவாக, வகுத்து வைத்த வேகங்களில் ஓட்டுகிறார்கள். உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான். ஏ.சி. ஓடாது, குழி இல்லை, குறுக்கே வரும் மாடு இல்லை. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அந்த எண் உதவும். நம் சாலையில் எவ்வளவு கொடுக்கும் என்பதை அது சொல்லாது. ஐரோப்பாவில் 2021 முதல் புதிய கார்கள் தாம் குடிக்கும் எரிபொருளைத் தாமே பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவுகளை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-இல் அறிக்கை கொடுத்தது. சாலையில் ஆகும் செலவு ஆய்வுக்கூட எண்ணைவிட ஏறக்குறைய 20 சதவீதம் அதிகம் என்றது அந்த அறிக்கை. நம் பக்கத்திலேயே, கேரளத்தின் திருச்சூர் நுகர்வோர் ஆணையத்துக்கு ஒரு டீசல் கார் வழக்கு வந்தது. விளம்பரம் சொன்னது ஏறக்குறைய 32. ஆணையம் அனுப்பிய வல்லுநர் ஓட்டி அளந்தபோது கிடைத்தது 19.6. காரை வாங்கியவருக்கு இழப்பீடு தரும்படி 2022-இல் தீர்ப்பானது.

அடுத்து, நாங்களே அளந்தோம். முறை எளிது, ஆனால் ஒழுங்கு வேண்டும். ஒரே பங்கில், ஒரே பம்பில், காரைச் சமதரையில் நிறுத்தி, நாசில் தானாக நிற்கும் வரை பெட்ரோல் போட வேண்டும். ரவுண்டாக வரட்டும் என்று அதற்கு மேல் ஒரு சொட்டும் ஏற்றக் கூடாது. ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். டேங்க் முக்கால்வாசி காலியானதும் அதே பம்பில் அதே மாதிரி நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை ஏறிய லிட்டர்தான் இடையில் செலவானது. "ஐநூறுக்குப் போடுங்க" என்று போட்டால் இந்தக் கணக்கு நிற்காது. புதுச்சேரியில் ஒரு விலை, கடலூரில் இன்னொரு விலை. நோட்டில் ரூபாயோடு லிட்டரும் இருக்க வேண்டும்.

பம்பின் மீது சந்தேகம் வந்தால் 5 லிட்டர் முத்திரை அளவைக் கேளுங்கள். ஒவ்வொரு பங்கிலும் அது இருந்தாக வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறைந்தால் அது தவறு. கிலோமீட்டர் மீட்டரையும் நம்பிவிடக் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் கிலோமீட்டர் கற்களை வைத்து அதையும் சரிபார்த்தோம்.

முதல் டேங்க்: 412 கி.மீ., 31.2 லிட்டர். இரண்டாவது: 388 கி.மீ., 28.6 லிட்டர். மூன்றாவது: 441 கி.மீ., 32.4 லிட்டர். மொத்தம் 1,241 கி.மீ.க்கு 92.2 லிட்டர். லிட்டருக்கு 13.5 கி.மீ.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு டேங்கின் மைலேஜையும் கூட்டி எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். லிட்டருக்கு 10 கொடுத்து 100 கி.மீ., 20 கொடுத்து 100 கி.மீ. ஓடினால் சராசரி 15 அல்ல. 200 கி.மீ.க்கு 15 லிட்டர், ஆகவே 13.3. மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுப்பதே சரி.

ஓனர் கேட்டது நியாயமான கேள்விதான்: "நடுவில் எடுத்திருந்தாலும் இதே கணக்குதானே வரும்?" ஆம், டேங்க் கணக்குக்குச் செலவும் திருட்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நான்காவது டேங்க்கை அவர் முன்னாலேயே நிரப்பினோம். மூடியின் மேல் காகிதம் ஒட்டி அவரிடமே கையெழுத்து வாங்கினோம். மறுபடி நிரப்பும்போது அவரே வந்து கிழித்தார். 402 கி.மீ., 30.1 லிட்டர். லிட்டருக்கு 13.4.

ஐந்தாவது, சென்னைக்கு ஒரு சவாரி. 318 கி.மீ., 17.9 லிட்டர். லிட்டருக்கு 17.8. காரும் டிரைவரும் அதேதான். மாறியது சாலை மட்டும்.

வீராம்பட்டினத்திலிருந்து கோரிமேடு போகும் வழியை நினைத்துப் பாருங்கள். முருங்கப்பாக்கம், மரப்பாலம், இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்கம் என்று நின்று நின்றுதான் போக வேண்டும். நிற்கும் காரின் மைலேஜ் பூஜ்யம். மருத்துவமனை வாசலில் நோயாளிக்காக ஏ.சி.யோடு காத்திருக்கும்போதும் பூஜ்யம்தான். இதற்கு மேல் எத்தனால். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்களின் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இலேயே மதிப்பிட்டிருந்தது. சாலை, காத்திருப்பு, எத்தனால் எல்லாம் தின்ற பெட்ரோலுக்கு ஒரு டிரைவரின் சம்பளம் ஈடு கட்டியது.

இன்னொன்றையும் பார்த்தோம். தம்பிக்கு முன் இதே காரை ஓட்டியவர் ஓனரின் சொந்தக்காரர். அவர் காலத்துப் பெட்ரோல் நோட்டைக் கேட்டு வாங்கி, அதே முறையில் கணக்குப் போட்டோம். 14-ஐத் தாண்டிய மாதம் ஒன்றுகூட இல்லை. அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. காரின் மைலேஜ் இருவர் கையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவரிடம் மட்டும் கேள்வி வந்தது. இதைச் சொன்னதும் ஓனர் அந்த நோட்டை எடுத்து மூடி வைத்தார். சாதியைப் பற்றி நாங்கள் பேச நினைத்த இடம் அதுதான். இப்போது அவரால் கணக்கின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியவில்லை.

4,500 ரூபாய் இரண்டு தவணையில் திரும்பி வந்தது. மன்னிப்பு வரவில்லை. தம்பி அந்த வேலையில்தான் இருக்கிறார், ஏனென்றால் அவருக்கு வேலை வேண்டும். மாதம் ஒருமுறை ஓனர் முன்னால் டேங்க் நிரப்பிக் கணக்கு எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

அரியாங்குப்பம் பக்கத்தில் இன்னும் நான்கு டிரைவர்கள் நோட்டு போட ஆரம்பித்திருக்கிறார்கள். தேதி, கிலோமீட்டர், லிட்டர், எந்தப் பங்க், எந்த வழி, காத்திருந்த நேரம் என்று ஆறு கட்டங்கள், அவ்வளவுதான். உங்கள் ஊரில் வாடகை வண்டி ஓட்டும் தம்பிகளிடம் இதைச் சொல்லுங்கள். படிக்கும் பிள்ளைகள் முதல் மூன்று டேங்க்குக்கு அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுங்கள். அந்த நோட்டை ஓனரிடம் விடாமல் டிரைவர் தன் கையில் வைத்துக்கொள்ளட்டும்.